தலையா, கப்பலா?

காசைச் சுண்டிவிட்டு நாம் பூவா தலையா கேட்கிறோம், ரோமாபுரிச் சிறுவர்கள் "தலையா, கப்பலா" என்று கேட்டார்கள். அவர்களுடைய வெண்கலக் காசான ஆஸில் ஒரு பக்கம் முன்னும் பின்னும் பார்க்கிற இரட்டை முகக் கடவுள் ஜானஸ், மறுபக்கம் போர்க்கப்பலின் முன்பகுதி. கி.மு. 241-இல் முடிந்த போரில் வட ஆப்பிரிக்க எதிரி நகரமான கார்த்தேஜைக் கடலில் வென்ற பெருமைதான் அந்தக் கப்பல் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் முதலில் வந்த கப்பல் ஆஸ் வார்ப்பில் ஊற்றியது, கால் கிலோ கனம், அதைச் சுண்டினால் விரல் போய்விடும்! எடை படிப்படியாகக் குறைந்த பிறகுதான் விளையாட்டுக்கு ஆகியிருக்கும்.

சில்லறைக் காசுகளிலும் அதே கப்பல்தான். அப்போ எது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஒரு ஆஸுக்கு 12 உன்சியா. மினர்வா தலையும் 4 புள்ளியும் இருந்தால் 4 உன்சியா, ஹெர்குலிஸுக்கு 3 புள்ளி, மெர்குரிக்கு 2. எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கூட புள்ளியை எண்ணிவிடலாம், சாமி முகத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் முதல் பேரரசர் அகஸ்டஸ், கி.மு. 23 வாக்கில், உலோகத்தையே மாற்றினார். ஆஸ் சிவப்புச் செம்பு. இரண்டு ஆஸ் பெறும் டுபோண்டியஸும் நான்கு ஆஸ் பெறும் செஸ்டர்ஷியஸும் மஞ்சள் பித்தளை. தனித் துத்தநாகம் பிரிக்கத் தெரியாத காலம் அது, அதனால் துத்தநாகத் தாதுவையும் கரியையும் செம்போடு மூடிய மண்பாத்திரத்தில் வைத்துச் சுட்டார்கள், துத்தநாகம் ஆவியாகிச் செம்புக்குள் ஏறிக்கொண்டது. நல்ல தந்திரம்தான். ஆனால் கைபட்டுக் கறுத்துப்போன டுபோண்டியஸும் ஆஸும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். நீரோ காலத்திலிருந்து டுபோண்டியஸில் பேரரசர் தலைக்குச் சூரியக்கதிர்க் கிரீடம் வந்தது. ஆடம்பரம் மாதிரித் தெரியும், உண்மையில் "இது இரண்டு ஆஸ்" என்று சொல்லும் அடையாளமாகவும் அது உதவியது.

செஸ்டர்ஷியஸ்தான் எனக்குப் பிடித்தது. அகலமான காசு, படம் போட தாராளமாக இடம், கிட்டத்தட்ட சுவரொட்டி. கி.பி. 70-இல் ஜெருசலேம் விழுந்தது, அடுத்த வருடமே பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட காசில் பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் தலைகுனிந்து அழுகிறாள், சுற்றி "யூதேயா பிடிபட்டது" என்ற எழுத்து. 96-இல் நெர்வா பேரரசராக வந்து, யூதர்கள் மீதான வரிவசூலில் நடந்த கெடுபிடிகளை நீக்கியதாக அறிவித்து இன்னொரு செஸ்டர்ஷியஸ் அடித்தார். அதிலும் அதே பேரீச்ச மரம். அடியில் அந்தப் பெண் மட்டும் இல்லை.