சுருங்கியது மூளையா, மாறியது மென்பொருளா?

இன்று ஒருவருக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிறார்கள், இரண்டு வருடம் கழித்து இன்னொன்று. இரண்டையும் வைத்து மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிடுகிறார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 3,500 கன மில்லிமீட்டர். நலமாக இருக்கும் முதியவர்களுக்கு அது வருடத்துக்குச் சுமார் ஒன்றரை சதவீதம் குறையும். அல்சைமர் வந்தவர்களுக்கு நான்கைந்து சதவீதம். ஒன்றரை சதவீதம் என்பது வெறும் 50 கன மில்லிமீட்டர் சொச்சம். ஸ்கேன் படத்தின் மிகச் சிறிய கட்டமான வாக்ஸல் ஒன்று பெரும்பாலும் ஒரு கன மில்லிமீட்டர். ஆக, ஐம்பது வாக்ஸல் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த எல்லையைப் போடுவது ஃப்ரீசர்ஃபர் போன்ற மென்பொருள்கள். ஹிப்போகாம்பஸும் பக்கத்திலிருக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். நடுவில் கோடு எதுவும் தெரியாது. ஒரு வாக்ஸல் எதைச் சேர்ந்ததாக இருக்க அதிக வாய்ப்பு என்று மென்பொருள் கணித்துத்தான் பிரிக்கிறது. புதிய பதிப்பில் அந்தக் கணிப்பு முறையைச் சற்றே திருத்தினாலும் எல்லை நகரும். மூளை அப்படியேதான் இருக்கும்.

எவ்வளவு நகரும்? 2012இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு, அதே படங்களை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டிப் பார்த்தது. 5.0.0 பதிப்புக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இடையே கன அளவுகளில் சராசரியாக 9 சதவீத அளவுக்கும், மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனில் 3 சதவீத அளவுக்கும் வித்தியாசம். ஒரு வருடத்தில் தேடும் மாற்றத்தைவிட அளவீட்டின் ஆட்டம் பெரிது! மென்பொருளைத் தொடாமல் மேக் கணினியின் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தபோதும், ஏறக்குறைய இதில் பாதி வித்தியாசம் வந்தது.

இயங்குதளத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? கணினி தசம எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். அதன் வழக்கமான கணக்கில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டி அப்புறம் 0.3 சேர்த்தால், கணினி 0.6000000000000001 என்கிறது. 0.2, 0.3 இரண்டையும் முதலில் கூட்டினால் 0.6. இயங்குதளத்தோடு வரும் கணித நூலகம், அதாவது மென்பொருள்கள் பயன்படுத்தும் தயார்நிலைக் கணக்கு நிரல்களின் தொகுப்பு, மாறினாலும் இப்படிக் கடைசி இலக்கம் மாறலாம். பல மணி நேரம் ஓடும் கணக்கில், ஒன்றின் விடை அடுத்ததற்கு உள்ளீடாகப் போகப் போக, அந்தத் துளி பெருகிவிடுகிறது.

எல்லா முதல் ஸ்கேன்களும் பழைய பதிப்பில், எல்லா இரண்டாம் ஸ்கேன்களும் புதியதில் என்றால் நிலைமை இன்னும் மோசம். பிழை எல்லோருக்கும் ஒரே திசையில் போவதால், ஆட்களை எத்தனை கூட்டினாலும் அது அடங்காது. அசல் மாற்றம் போலவே அழகாகத் தெரியும். ஒப்பிடுவதற்காகச் சேர்க்கும் நலமானவர்களின் குழு ஓரளவு காப்பாற்றும். ஆனால் ஏற்கெனவே சுருங்கிய மூளையிலும் நலமான மூளையிலும் எல்லை ஒரே அளவு நகரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆகவே பதிப்பை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், முதல் ஸ்கேனிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஒருவரின் ஸ்கேன்களைக் காலப்போக்கில் ஒப்பிடும் ஃப்ரீசர்ஃபரின் நீள்கால முறையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஒருவரின் எல்லா ஸ்கேன்களையும் கலந்து அவருக்கென்று ஒரு நடு மாதிரியை உருவாக்கி, ஒவ்வொரு ஸ்கேனையும் அதிலிருந்து தொடங்கி அளக்கிறது. மூன்றாவது ஸ்கேன் வந்து சேர்ந்தால் அந்த மாதிரியே மாறிவிடும்; பதிப்பு மாறாவிட்டாலும் முதல் இரண்டையும் திரும்ப அளக்க வேண்டியதுதான்.

மென்பொருளையும் நூலகங்களையும் டாக்கர் போன்ற கொள்கலனில், அதாவது எந்தக் கணினியிலும் அதே பதிப்புகளோடு ஓடும் ஒரே பொட்டலமாக, பூட்டி வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. நல்ல வழிதான். ஸ்கேனர் கருவிக்குள் ஓடும் மென்பொருளை மட்டும் அப்படிப் பூட்ட முடியாது. அது புதுப்பிக்கப்பட்ட தேதியைக் குறித்து வைத்துப் புள்ளியியல் கணக்கில் தனியாகச் சேர்க்க வேண்டும்.