பாட்டியின் பவளமும் சூதுபவளமும்

ரத்தினக்கல் பரிசோதனையே தொழிலாகக் கொண்ட என்னிடம், "பாட்டி காலத்துப் பவளம்" என்று கொண்டுவரப்படும் மாலைகளில் சில சூதுபவளமாக (கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்லாக) இருப்பதுண்டு. பெயரில்தான் ஒற்றுமை. பவளம் கடலுயிர்கள் கட்டிய சுண்ணாம்புப் பொருள்; கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை 3 முதல் 4 வரைதான். சூதுபவளம், அகேட் என்னும் வரிக்கல்லுக்கு நெருங்கிய உறவான சிலிக்கா (குவார்ட்ஸ் வகைக் கல்). அதன் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. இரண்டில் எது என்று அறிய வீட்டிலேயே எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்: உண்மைப் பவளமாக இருந்தால் அதன் மெருகு அரிக்கப்பட்டுவிடும்.

சூதுபவளம் என்றதும், "சூடுபடுத்திய கல்லா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். குஜராத்தின் ரத்தன்பூர்ப் பகுதியில் மங்கலாகவும் பழுப்பாகவும் தோண்டியெடுக்கப்படும் கல்லைச் சூடேற்றும்போது, அதிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து சிவக்கிறது. சிந்துவெளிக் கைவினைஞர்களே அறிந்திருந்த நுட்பம் இது. அவர்கள் வழிவந்த நீண்ட மணிகள், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) 'ஊர்' என்ற பெயர்கொண்ட நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்துள்ளன. ஈரோடு மாவட்டக் கொடுமணலிலும் சூதுபவள மணிகள் வெளிப்பட்டன. உருகிய மெழுகு ஒட்டாமல் எளிதில் விடுபடுவதால், ரோமானியர் இதில் முத்திரை மோதிரங்கள் செதுக்கினர்.

ஆகவே சூடேற்றுவது குற்றமல்ல. சாயமேற்றிய அகேட்டையோ கண்ணாடியையோ இயற்கைச் சூதுபவளம் என்று விற்பதுதான் குற்றம். விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் சூதுபவளத்தின் நிறம் பெரும்பாலும் மேகம்போலப் பரவித் தெரியும். சாயமேற்றியதில் வரிவரியாகத் திரண்டிருக்கும். கண்ணாடியானால் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் காற்றுக்குமிழிகள் சிக்கக்கூடும். இவை முதற்கட்டச் சந்தேகத்துக்கு உதவுமே தவிர, கண்ணாடியா கல்லா என்று தீர்ப்புச் சொல்ல ஒளிவிலகல் எண்ணை (கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவை) அளந்தாக வேண்டும்.

ஒருமுறை ஒருவர், வயலில் கிடைத்த ஈராயிரம் ஆண்டுப் பழமையான மணி என்று நம்பிப் பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்தார். துளை ஒரே சீராக, இயந்திரத்தில் இட்டதுபோல வழவழவென்றிருந்தது. ஓரத்து விரிசல்களில் சாயம் தேங்கி நின்றது. ஏமாந்துவிட்டதாக வருந்தியவரிடம், மணி உண்மையிலேயே தொல்பொருளாக இருந்திருந்தால், உரிமமில்லாதவரிடம் வாங்கியதற்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் விளக்கம் சொல்ல நேர்ந்திருக்கலாம் என்றேன். மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அறிக்கை வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.