பிறந்த தேதி சொல்லும் படிப்புக் கணக்கு

நெல்லிக்குப்பம் சாலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெரியவன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இன்ஜினீயரிங் சேர்த்தால் நாலு வருஷத்துக்கு நாலு லட்சம் ஆகுமாம். அதை எஃப்.டி.யில் போட்டால் வட்டியாவது வருமே, எது சார் லாபம்? சின்னவன் ஒன்பதாவது. படிப்பு ஏறவில்லை, கடையில் உட்காருகிறேன் என்கிறான். அது தனிக் கதை."

தனிக் கதை இல்லை. கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம்.

முதலில் பெரியவன். நாலு லட்சம் என்பது பாதிக் கணக்கு. படிக்கப் போகாமல் அவன் சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் மாதம் 12,000 சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தால், நாலு வருஷத்தில் 5,76,000 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். படிப்பதால் அது வராமல் போகிறது. இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஆக மொத்தம் போட்ட முதல் 9,76,000. இந்தப் பணத்தை 7 சதவீத வட்டியோடு நாற்பது வருஷத்தில் திரும்ப எடுக்க வேண்டுமானால், பட்டம் மாதாமாதம் தோராயமாக 6,100 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்துத் தர வேண்டும். தந்தால் லாபம், தராவிட்டால் எஃப்.டி.யே மேல்.

ஆடு மேய்க்கிற பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க காமராசர் ஏன் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார் என்பதும் இதே கணக்குதான். அரசுப் பள்ளியில் கட்டணம் பெரிய தடையில்லை. பிள்ளை கொண்டுவந்த கூலியும் அதனால் கிடைத்த ஒரு வேளைச் சோறும்தான் தடை. சோற்றைப் பள்ளியிலேயே போட்டுவிட்டால் வாய்ப்புச் செலவு பாதியாகிறது.

படிப்பை இப்படி முதலீடாகப் பார்க்கும் வழியை 1960களில் தியோடர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர்கள் நிலைநிறுத்தினார்கள். இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. 'மனித மூலதனம்' என்ற பெயர் மனிதனை யந்திரமாக்குவதுபோல் ஒலிக்கிறதே என்று பெக்கருக்கே முதலில் தயக்கம் இருந்தது. இன்று எல்லோரும் கூசாமல் சொல்கிறார்கள்.

சரி, பட்டம் எவ்வளவு கூடுதலாகத் தரும்? படித்தவர் சம்பளத்திலிருந்து படிக்காதவர் சம்பளத்தைக் கழித்தால் போதாதா? போதாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். நல்ல மண் உள்ளவர் கையில் காசு புழங்கும், அவரே நல்ல உரமும் போடுவார். அவருக்கு விளைச்சல் கூடினால் அது மண்ணாலா, உரத்தாலா? படிப்பும் அப்படித்தான். கெட்டிக்காரப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும்தான் அதிகம் படிக்கிறார்கள். அவர்கள் படிக்காமல் இருந்தாலும் நாலு காசு கூடச் சம்பாதித்திருப்பார்கள். மண்ணையும் உரத்தையும் பிரிக்க, உரம் தற்செயலாக விழுந்த தோப்பு ஒன்று வேண்டும்.

1991இல் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? பிறந்த தேதியில்! நான் படித்த பொருளாதாரத்தில் இதைவிட அழகான தந்திரத்தைப் பார்த்ததில்லை.

டிசம்பர் 31 அன்று ஒரு குழந்தை, ஜனவரி 2 அன்று இன்னொரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு நாள்தான் வித்தியாசம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஜனவரி 1க்குள் ஆறு வயது முடிகிற பிள்ளையை அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே பள்ளியில் சேர்ப்பார்கள். டிசம்பர் பிள்ளை சேர்ந்துவிடும். ஜனவரி பிள்ளை அந்தக் கெடுவைத் தவறவிட்டு அடுத்த செப்டம்பர் வரை வீட்டில் இருக்கும். ஆனால் பள்ளியை விட்டு நிற்கச் சட்டம் அனுமதித்த வயது இருவருக்கும் ஒன்றே, பெரும்பாலும் பதினாறாவது பிறந்தநாள். படிப்பு பிடிக்காத இரண்டு பேரும் அன்றைக்கே பையைத் தூக்கி எறிகிறார்கள். அப்போது டிசம்பர் பிள்ளை ஒரு வருஷம் அதிகம் படித்திருக்கும், விருப்பம் இல்லாமலேயே! மூளையும் காரணமில்லை, அப்பா பணமும் காரணமில்லை. காலண்டர் போட்ட உரம் அது.

1930களில் பிறந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களை 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். எல்லோருமா பதினாறில் நிற்பார்கள்? கொஞ்சம் பேர்தான். அதனால் சராசரி வித்தியாசம் துளியூண்டு: ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் மற்றவர்களைவிட 0.11 ஆண்டு குறைவாகப் படித்திருந்தார்கள். வாரச் சம்பளம் 1.1 சதவீதம் குறைவு. இப்போது 1.1ஐ 0.11ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு முழு ஆண்டுப் படிப்புக்குப் பத்து சதவீதம்!

பிறந்த மாதம் சம்பளத்தை மாற்றுகிறது என்றதும் ஜோசியர்கள் துண்டை உதறித் தோளில் போடுவார்கள். பொறுங்கள். கல்லூரிப் பட்டம் வாங்கியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, பிறந்த மாதத்துக்கும் சம்பளத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பதினாறு வயதுச் சட்டம் அவர்களைக் கட்டாது என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். காரணம் சனி என்றால் பட்டதாரிகளை மட்டும் விட்டுவைப்பாரா? பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கலாம் என்று இன்றும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆயாசமாக இருக்கிறது.

இந்த ஆய்வின் மீது பின்னால் விமர்சனங்களும் வந்தன. குளிர்காலத்தில் பிள்ளை பெறும் தாய்மார்களின் குடும்பப் பின்னணியே கொஞ்சம் வேறு என்று காட்டினார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேறு வழியில் போனவர்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். 1970களில் இந்தோனேசியா 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. அதை வைத்துப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ போட்ட கணக்கில், ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சம்பளம் 6.8 முதல் 10.6 சதவீதம் கூடும் என்று வந்தது.

நம் ஊரில் இந்தப் பிறந்த தேதித் தந்திரம் பலிக்குமா? என் அப்பா தலைமுறைக்குப் பலிக்காது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டது, சேர்த்தாயிற்று. தேதியைத் தலைமை ஆசிரியரே எழுதிக்கொண்டார். அப்பாவின் சான்றிதழில் ஜூன் 1. கெடிலத்தில் வெள்ளம் கரையைத் தொட்ட ஐப்பசி அடைமழையில் பெற்றேன் என்று ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான்!

இன்று ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள், தேதி சரியாக இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு எண், இருக்கிறது. ஆசிரியர்கள் பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து ஏற்றும் விவரங்கள் அவை. பெயரை நீக்கிவிட்டு, இந்தப் பிள்ளைகள் பத்து வருஷம் கழித்து என்ன சம்பாதிக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்க்க நாலு ஆராய்ச்சியாளர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கலாம். கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், ஆராய்ச்சிக்கு வைக்க முடியாதே, அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

வாசகருக்கு வருவோம். அமெரிக்கக் கணக்கு சொன்னது, பதினாறு வயதில் நிற்க நினைத்தவனை ஒரு வருஷம் கூடப் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை. பெரியவனின் இன்ஜினீயரிங் சீட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் அந்தக் கல்லூரி வாசலுக்கே போய், மூன்று வருஷத்துக்கு முன் முடித்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பத்துப் பேரை விசாரியுங்கள். 6,100 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் உட்காருகிறேன் என்கிறானே சின்னவன், அவனைப் பற்றித்தான் ஆய்வுகள் இவ்வளவு தெளிவாகப் பேசுகின்றன. பத்தாவது முடிக்கட்டும். ஆணியும் பெயின்ட்டும் சாயங்காலம் விற்கலாம்.