கிடைக்குப் பின்னால் போகும் பையனும் கொத்தடிமைதான்

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் டெல்டாவுக்கு வரும். குறுவை உழவு தொடங்கும்வரை ஊர் ஊராகக் கிடை போடுவார்கள்; அதாவது இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைப்பார்கள். வயலுக்கு உரம், மந்தையை நடத்தும் கீதாரிக்குக் காசு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மந்தைக்குப் பின்னால் முள் குத்திப் புண்ணான காலோடு பத்து, பன்னிரண்டு வயதுப் பையன் போகிறானே, அவன் யார் பிள்ளை? முன்பணத்துக்கு மந்தை மேய்க்க அனுப்பப்பட்ட பிள்ளையைப் பற்றி மறுபடியும் ஒரு வழக்கு. கீதாரி தரப்பில் மறுபடியும் அதே பதில்: "யாருங்க கட்டிப்போட்டது? அவன் அப்பன்தானே அட்வான்ஸ் வாங்கிட்டு அனுப்பினான்!"

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடவில்லை. வாங்கிய முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போக முடியாமலோ, நினைத்த இடத்துக்குப் போக முடியாமலோ, குறைந்தபட்சக் கூலிகூட இல்லாமலோ ஒருவர் உழைத்தால் அவர் கொத்தடிமை. மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் இதில் அடங்கும். அப்பன் கையெழுத்துப் போட்ட பத்திரம் செல்லாது. அது முதலாளிக்கு எதிரான சாட்சியம். கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே. மூன்று வேளை சோறு போட்டேன் என்பது கூலி கொடுத்ததாகாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது.

ஏன் ஓடிப்போகவில்லை என்று அதிகாரிகளே கேட்கிறார்கள். நாலு நாளைக்கு ஒரு வயல் மாறும் கிடையில், கையில் காசும் போனும் இல்லாத பிள்ளை எங்கே ஓடுவான்? ஓடினால் முன்பணம் கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பண்ணையில் கட்டுண்டு உழைத்த கூலியாட்களுக்காக 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த தஞ்சை மண்ணில் இதை விளக்க வேண்டியிருப்பதுதான் வேதனை. பண்ணையாளையும் யாரும் விலங்கு மாட்டி வைக்கவில்லை.

தயவுசெய்து ஊர் கூடி வசூல் செய்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துப் பையனை மீட்காதீர்கள். அந்தக் கடன் சட்டப்படி ஏற்கெனவே ரத்து. அதை வாங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. நீங்கள் பணம் கட்டி அழைத்து வந்தால், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டதற்குக் கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் நிவாரணம் இல்லை; நிவாரணம் இல்லாத வீட்டுக்கு அடுத்த தை மாதம், முன்பணம் கொடுத்துப் பிள்ளையை அனுப்பவைத்த அதே தரகர் வருவார்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு உடனே சொல்லுங்கள். கூடவே கோட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். காவல் நிலையத்தோடு நின்றுவிடாதீர்கள். கிடை இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஊர், வாய்க்கால், வயல்காரர் பெயர், கீதாரியின் செல் எண், முன்பணத் தொகை, அனுப்பிய மாதம் எல்லாம் மனுவில் வேண்டும். கீதாரிக்கு முன்கூட்டித் தகவல் போனால் விடிவதற்குள் பையன் வேறு மந்தைக்கு மாற்றப்படுவான். விசாரணையின்போது முதலாளி பக்கத்தில் நின்றால் பிள்ளை "சொந்தக்கார மாமா" என்றுதான் சொல்வான். தனியாக வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சான்றிதழில் கோட்டாட்சியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். அதற்குத் தண்டனைத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிறுவர்களுக்கான மறுவாழ்வுத் தொகை 2 லட்சம்.

வயல்காரர்களே, கிடைக்கு விலை பேசும்போதே ஆடு எத்தனை என்று கேட்கிறீர்கள். மேய்க்க வருவது யார், என்ன வயசு என்றும் கேளுங்கள். பள்ளிக்கூட வயசுப் பிள்ளை இருந்தால் கீதாரியிடம் காட்டிக்கொள்ளாமல் முதலில் 1098க்குப் போன் போடுங்கள்; உங்கள் வயலில் கிடை வேண்டாம் என்று பிறகு சொல்லுங்கள்.