ஜூனில் கடலுக்குள் போகாத சூரியன்

கோடை விடுமுறையில் கன்னியாகுமரிக்கு வருகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கே கரையில் இடம் பிடித்து, செல்போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சூரியனோ கடல் பக்கமே போகாமல், வலது பக்கம் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிடும். குமரி முனையில் நின்றுகொண்டு அது கடலில் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் வரவேண்டும். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்திலேயே ஒரு வருஷம் கேமராவோடு அலைந்தால் இந்தக் கணக்கெல்லாம் தானாக மனப்பாடம் ஆகிவிடும். அதன் பின்னால் இருக்கும் காரணம்தான் சுவாரசியமானது.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் ஜூன் 21 வாக்கில் இங்கே சூரியன் நேர் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறையும். டிசம்பர் 21 வாக்கில் அதே அளவு தெற்கே. கையை முழுக்க நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது அடிவானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். ஆக, ஆறு மாதத்தில் சூரியன் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி தூரம் நகர்கிறது. குமரியிலிருந்து மேற்கே போகும் கடற்கரையோ நேர் மேற்காகப் போவதில்லை, லேசாக வடக்கே ஏறிப் போகிறது. ஜூன் மாதச் சூரியன் அதற்கும் வடக்கே, அதாவது தரைக்கு மேலே விழுந்துவிடுகிறது. முட்டத்துக்குப் போனால் கதையே வேறு. அதைத் தாண்டியதும் கரை வடமேற்காகத் திரும்பிவிடுவதால், ஜூனிலும் கடல்தான் எதிரே. என்ன, அப்போது தென்மேற்குப் பருவமழை மேகம் சூரியனை முகம் காட்ட விடாது.

இந்த நகர்வு எல்லா நாளும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நாளுக்கு 0.4 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட சூரியனின் அகலமே அவ்வளவுதான். ஜூன், டிசம்பர் கடைசிகளில் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறமாதிரி இருக்கும். திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் சரியாக எழ வேண்டுமென்று ஓர் இடத்தைத் தேர்ந்து வைத்திருந்தால், நாள் தப்பினால் படம் தப்பும். ஆனால் வருத்தப்பட வேண்டாம், ஒவ்வொரு கோணமும் வருஷத்தில் இரண்டு முறை வரும். பிப்ரவரி நடுவில் கிடைக்கும் கோணம் அக்டோபர் கடைசியிலும் கிடைக்கும். அக்டோபரில் வடகிழக்கு மழை மேகம் இருக்கும் என்பதால் நான் பிப்ரவரிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்தப் பொருளிலிருந்தும் அதன் உயரத்தைப்போல் 108 மடங்கு தள்ளி நின்றால், அது சூரிய வட்டத்தின் அளவுக்குத் தெரியும். பீடத்தோடு சேர்த்துச் சிலை 133 அடி, அதாவது 40 மீட்டர் சொச்சம். 4.4 கிலோமீட்டர் தள்ளிப் போய் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸில் பார்த்தால் சிலையும் சூரியனும் ஒரே உயரம். கரையிலேயே நின்று எடுத்தால் சிலை பெரிதாகவும் சூரியன் பொட்டாகவும் வருவது இதனால்தான்.

வெளிநாட்டு வீடியோக்களில் 'கோல்டன் ஹவர்', அதாவது சூரியன் 6 டிகிரிக்குள் தாழ்ந்திருக்கும் பொன்னிற வெளிச்ச நேரம், ஒரு மணி நேரம் என்று சொல்வார்கள். அதை நம்பி இங்கே தூங்கக் கூடாது. லண்டனில் டிசம்பர்ச் சூரியன் படுத்துக்கொண்டே ஏறும். 6 டிகிரி உயர ஐம்பது நிமிடமாகும். நமக்கு அது கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுகிறது, இருபத்தைந்து நிமிடத்தில் அந்த உயரத்தைத் தாண்டிவிடும். அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி உச்சியில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 40 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் காற்று மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடித்துவிடுவதால், நம்மிடம் வந்து சேர்வது பெரும்பாலும் ஆரஞ்சும் சிவப்பும். சூரியன் ஏற ஏற அந்தப் பாதை வேகமாகக் குறைகிறது, பொன்னிறமும் போய்விடுகிறது.

அப்புறம் காற்று. நாகர்கோவிலுக்கு வடக்கே மலைத்தொடர் ஒரு நாள் கத்தியால் வெட்டினமாதிரி நிற்கும், மறுநாள் இருந்த இடமே தெரியாது. சுத்தமான காற்றில் சிதறுவது நீலம்தான். தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் நமக்கும் அதற்கும் நடுவே ஒளிரும் அந்தக் காற்று. தூசும் கடல் உப்புத் துகளும் மூலக்கூறைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் வெள்ளைத் திரை போட்டுவிடும். உப்புத் துகள் வேறு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரைந்து ஊதிப்போகும். கடலோர விடியற்காலைகள் வெளுத்துக் கிடப்பதில் இதற்கும் பங்கு உண்டு. நல்ல மழை ஒன்று பெய்தால் துளிகள் இந்தத் துகள்களை வாரிக்கொண்டு இறங்கும். மலைப் படத்துக்கு ஏற்றது நவம்பரில் இரவு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. மத்தியானத்துக்குள் திரை திரும்பி வர ஆரம்பித்துவிடும்.

ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போனால் வேறொரு வேடிக்கை. காற்று ஆளையே தள்ளும், ஆனால் மலை உச்சியில் உட்கார்ந்த மேகம் மட்டும் நகராது. உண்மையில் அது ஒரே மேகம் இல்லை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குளிர்ந்து, ஓர் உயரத்தில் நீர்த்துளியாகிறது. உச்சியைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடாகி மறுபடி ஆவியாகிறது. ஒரு பக்கம் பிறந்துகொண்டும் மறுபக்கம் கரைந்துகொண்டும் இருப்பதால் நின்ற இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. டிரைபாடில் வைத்து அரை நிமிட எக்ஸ்போஷர் கொடுத்தால் அந்த ஓட்டம் படத்திலேயே இழை இழையாக விழும். பட்டப்பகலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் அடர்த்தியான என்டி ஃபில்டர் வேண்டும், டிரைபாடின் காலில் கல் கட்டவும் வேண்டும்.

வான ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்து நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைஸர் ஃபில்டர் வாங்குவதா என்று யோசிப்பவர்களுக்கு நம் ஊர் அமைப்பு ஒரு வசதி. வான ஒளி அதிகமாகத் துருவப்படுவது, அதாவது ஒரே திசையில் அதிர்வது, சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி. காலையில் சூரியன் கிழக்கே, மாலையில் மேற்கே; மலைகளோ வடக்கே. ஆகவே, குறிப்பாக சூரியன் நேர் கிழக்கு மேற்கை ஒட்டி வரும் மார்ச், செப்டம்பர் வாக்கில், இரண்டு வேளையும் மலைப் பக்கத்து வானம் ஃபில்டருக்கு நன்றாகக் கட்டுப்படும், நடுவிலுள்ள நீலத் திரையும் ஓரளவு விலகும். அகல லென்ஸ் மட்டும் போட வேண்டாம். வானத்தின் நடுவில் கருநீலத் திட்டும் இரு ஓரங்களில் வெளுப்புமாக வந்து, பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்ய உயிர் போகும்.