மின்தடை: கரண்ட் நிற்பதா, கரண்டை எதிர்ப்பதா?

'நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை' என்று பேப்பரில் போடுகிறார்கள். அதே வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை 'மின்தடையின் அலகு ஓம்' என்று படித்துக்கொண்டிருக்கும். சொல் ஒன்று, பொருள் இரண்டு. முதலாவதில் கரண்ட் அடியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, கம்பி அதை லேசில் விடுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது மின்தடைக்கு ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ். அதற்கு லத்தீனில் வேர், எதிர்த்து நிற்பது என்று பொருள். தமிழில் தடு என்ற வினையிலிருந்து தடை. தடுத்தால் நின்றுவிடாதா, அப்படியானால் இந்தச் சொல் பொருந்துமா என்று கேட்கலாம். பழைய உரையாசிரியர்கள் 'தடைவிடை' என்பார்கள். அங்கே தடை என்றால் எதிர்க்கேள்வி, அதை எழுப்பியதும் பேச்சு நின்றுவிடாது, விடை வந்து மேலே போகும். அந்தத் தடைதான் இது. இலங்கைப் பாடநூல்களில் வெறும் 'தடை', சர்க்யூட்டில் தடைக்கென்றே வைக்கும் பாகமான ரெசிஸ்டருக்குத் 'தடையி'. நம்முடைய 'மின்தடையாக்கி'யைவிட எனக்குத் தடையிதான் பிடித்திருக்கிறது, சின்னதாக வாயில் நிற்கிறது. கரண்ட் நிற்பதை மின்நிறுத்தம் என்றோ மின்வெட்டு என்றோ சொல்லிவிட்டு மின்தடையை இயற்பியலுக்கே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஓம் என்பது ஜெர்மானியரான கேயார்க் சைமன் ஓம் அவர்களின் பெயர். 1827இல் நூலாக அவர் வெளியிட்ட விதிதான் இன்றும் கணக்கு: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட். இந்தப் பவரைச் சிலர் 'மின்சக்தி' என்று எழுதிவிடுகிறார்கள், அது தப்பு. திறன் என்பது ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது. இலங்கையில் இதற்கு 'வலு', அங்கே சக்தி என்றால் எனர்ஜி.

சரி, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 4.35 ஆம்பியர், வகுத்துப் பார்த்தால் காயிலின் மின்தடை கிட்டத்தட்ட 53 ஓம். சாயங்காலம் லோ வோல்டேஜில் 180க்கு இறங்கினால் காயில் மாறவில்லை, அதே 53 ஓம்தான், ஆனால் ஓட்டம் 3.4 ஆம்பியராகக் குறைந்து திறன் சுமார் 612 வாட்டுக்கு வந்துவிடும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. சட்டைச் சுருக்கம் நிமிராததற்கு இதுதான் காரணம்.

இஸ்திரிப் பெட்டிக்கு ஒத்துவந்த கணக்கு 60 வாட் குண்டு பல்புக்கு அப்படியே வராது. கணக்குப்படி அதன் மின்தடை சுமார் 880 ஓம், ஆனால் எரியாத பல்பில் ஓம் அளக்கும் கருவியான மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், நூறு ஓம்கூட காட்டாது. டங்ஸ்டன் இழை வெள்ளையாகப் பழுத்த பிறகுதான் அந்த 880 வருகிறது, சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். அதனால் சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை வழியாகப் பல மடங்கு கரண்ட் பாய்கிறது, பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பியூஸ் போனது அதனால்தான்.