கம்பியால் கூட்டிய கணினி

திருகோணமலையில் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லை. ஆனாலும் கொட்டியாரக் குடாவின் ஆழமற்ற ஓரங்களில் வள்ளம் விடுபவருக்கு அரை அடித் தண்ணீரும் பெரிது. வற்று (கடல் இறங்கும் வேளை) எத்தனை மணிக்கு என்பதை ஓராண்டு முன்பே சொல்ல 1870களிலேயே ஒரு கணினி இருந்தது. கணினி வரலாறுகள் பெரும்பாலும் 1945இன் மின்னணுக் கணினியான எனியாக்கைத்தான் கொண்டாடுகின்றன. இந்தப் பித்தளைப் பொறிக்கு இன்னும் நல்ல இடம் தர வேண்டும்.

பிரித்தானிய இயற்பியலாளர் வில்லியம் தொம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1872–73இல் செய்வித்த முதற்பொறி 10 கூறுகளைக் கூட்டியது. இந்தியத் துறைமுகங்களுக்காக எட்வேட் ரொபேட்ஸ் 1879இல் வடிவமைத்தது 20 கூறுகளைக் கூட்டியது.

கூறு என்றால் என்ன? வற்றுப்பெருக்கு பல சீரான அலைவுகளின் கூட்டுத்தொகை. சந்திரனால் வரும் எம்2 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை, சூரியனால் வரும் எஸ்2 சரியாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டும் 14.77 நாளுக்கொருமுறை ஒன்றுசேரும்போது பெருக்கு உச்சம் பெறும். நாளுக்கொருமுறை வரும் கே1, ஓ1 போன்றவை இவற்றின் மேல் ஏறும்.

பொறியில் கூறு ஒன்றுக்கு ஒரு சுழல்கை, ஒரு கப்பி. சுழல்கையின் நீளம் அந்தக் கூறின் வீச்சம், அதாவது அலைவின் அளவு. தொடக்கக் கோணம் அதன் கட்டம், அதாவது அலைவு தன் சுற்றில் எங்கே தொடங்குகிறது என்பது. எல்லாக் கப்பிகளின் மேலும் கீழுமாக ஒரே கம்பி ஓடும். ஒருமுனை இறுகக் கட்டியிருக்கும், மறுமுனையில் பேனை. ஒரு கப்பி 1 சென்ரிமீட்டர் உயர்ந்தால் கம்பியின் முனை 2 சென்ரிமீட்டர் நகரும். எல்லா நகர்வும் தாமாகவே கூடிவிடும். கைபிடியைச் சுற்றினால், ஓராண்டின் வளைகோடு சுமார் நான்கு மணி நேரத்தில் தாளில் விழும்.

சிரமமெல்லாம் பற்சில்லில்தான். எம்2இன் வேகம் மணிக்கு 28.9841 பாகை, எஸ்2இன் வேகம் 30 பாகை. இந்த விகிதத்துக்கு 57:59 பற்கள் போதும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: ஆண்டு முடிவில் எம்2 9 பாகைக்கு மேல் பிந்திவிடும், நேரத்தில் 19 நிமிடம். 83:81, 33:35 என இரண்டு சோடியைத் தொடுத்தால் பிழை அரை நிமிடத்துக்குள் அடங்கும். ஒரு சில்லில் ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ ஆண்டு முழுவதும் கெடும். கம்பி இழுபட்டாலும், பற்களுக்கிடையே தளர்வு இருந்தாலும் உயரம் பிழையாகும். சந்திரப் பாதையின் 18.6 ஆண்டுச் சுழற்சியால் எம்2இன் வீச்சம் சுமார் 3.7 சதவீதம் கூடிக் குறையும் என்பதால், சுழல்கைகளை ஆண்டுதோறும் புதிதாகப் பூட்ட வேண்டும்.

1944 நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு வற்றுப்பெருக்கு ஆய்வாளர் ஆர்தர் டூட்சன் லிவர்பூல் அருகே ஓட்டியதும் இத்தகைய பொறிகளே. 1960களில் மின்னணுக் கணினிகள் அந்த வேலையை ஏற்றன, கூட்டல் மாறவில்லை.

காற்றையும் அமுக்கத்தையும் எந்தப் பொறியும் சில்லில் பூட்ட முடியாது. வளியமுக்கம் 1 ஹெக்டோபஸ்கால் இறங்கினால் கடல் ஏறத்தாழ 1 சென்ரிமீட்டர் உயரும். பெருக்கே சிறிதான திருகோணமலையில், மாரிகாலத் தாழமுக்கம் அட்டவணையை எளிதில் மிஞ்சும்.

நான்கு கூறுகளை வைத்து விரிதாளில் இதைச் செய்து பார்க்கலாம். கட்டக் கோணம் கிறீனிச் நேரத்துக்குரியதா, இலங்கை நேரத்துக்குரியதா என்பதை முதலில் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் தவறினால் எம்2 159 பாகை விலகும். பெருக்கு வர வேண்டிய வேளையில் வற்று வரும்.